தொரை வெட்டிய தக்காளி

மூன்றாவது தக்காளிச் செடியும் மொட்டையான பிறகுதான் சிவகாமசுந்தரி கொல்லைப்பக்கம் வந்தாள். அவளுடைய தையல் கத்தரிக்கோலோடு கணவர் பொன்னுதுரை அடுத்த செடியின் முன்னால் குந்தியிருந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“கவாத்து. வெள்ளக்காரன் முறை. ஒனக்குப் புரியாது.”

“காய்க்கிற செடிய வெட்டுறதுல புரியுறதுக்கு என்ன இருக்கு?”

இருந்தது. ஆப்பீசில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் நாற்காலி காலியாகிறது. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருமுன்பே வெள்ளைக்காரத் தொரை சீமைக்குக் கப்பலேறுகிறார். போகுமுன் அவர் யாரைக் கை காட்டுகிறாரோ அவருக்குத்தான் நாற்காலி. போட்டிக்குக் கலியாணசுந்தரம் ஒருவர் இருந்தார். அவருக்கு வேலை தெரியும். பொன்னுதுரைக்கோ தொரையைத் தெரியும். தொரை தும்முவதற்கு முன்பே இவர் கைக்குட்டையை எடுத்துவிடுவார்.

நேற்றுக் கையெழுத்து வாங்கப் பங்களாவுக்குப் போனபோது, தொரை தன் தக்காளிச் செடிகளைத் தானே வெட்டிக்கொண்டிருந்தார். கிளை, இலை, காய் எதுவும் மிஞ்சவில்லை. முகத்தில் அப்படியொரு திருப்தி. பொன்னுதுரைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “என் வீட்டிலும் தக்காளி உண்டு தொரை, ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வந்து பார்க்க வேண்டும்” என்று தன் நல்ல ஆங்கிலத்தில் அழைப்பும் வைத்துவிட்டார். தொரையும் ஏதோ நினைப்பில் தலையாட்டிவிட்டார்.

காய்களை வெட்ட மட்டும் பொன்னுதுரைக்கு மனம் வரவில்லை. கிளையையும் இலையையும் கழித்ததோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாளே காஜா பெராங் ஊரின் வெயில் காய்களை வெளுக்க வைத்தது.

“எல தானே நெழலு?” என்றாள் சிவகாமசுந்தரி.

பொன்னுதுரை தன் பழைய வேட்டியைச் செடிகளுக்கு மேல் பந்தலாகக் கட்டினார். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த வேட்டி பாரம் தாங்காமல் சரிந்து, செடிகளைத் தரையோடு படுக்க வைத்தது.

குச்சி நட்டு நிமிர்த்தினார். கட்டுவதற்கு ஆப்பீசிலிருந்து சிவப்பு நாடா கொண்டுவந்தார். கோப்புக் கட்டும் கை அல்லவா, இறுக்கிவிட்டது. சனிக்கிழமை தண்டுகள் அறுந்து தொங்கின.

“தொரையம்மா கப்பலுக்குப் பெட்டி கட்டுறாங்களாம். நானும் எங்கம்மா வீட்டுக்குக் கட்டட்டுமா?”

“நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்க. நாளான்னைக்கு நீ பெரிய கிராணி சம்சாரம்.”

ஞாயிறு காலை, தொங்கியதையெல்லாம் நறுக்கித் தள்ளினார். வெளுத்துச் சுருங்கிய காய்களும் போயின. எட்ட நின்று பார்த்தார். நட்ட குச்சியும் நாலு முண்டமும்தான் மிச்சம். பங்களாவில் பார்த்தது அப்படியே இங்கே இருந்தது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு மணிக்குத் தொரையின் கார் வந்தது. டிரைவர் சுப்பையன் கதவைத் திறந்தான். பொன்னுதுரை தொரையை நேராகக் கொல்லைக்கு அழைத்துப்போனார்.

“எல்லாம் உங்களைப் பார்த்துக் கற்றதுதான் தொரை” என்றார் பணிவோடு. “நீங்கள் வெட்டியது போலவே. ஒரு காயும் விடவில்லை.”

தொரை செடிகளைப் பார்த்தார். பொன்னுதுரையைப் பார்த்தார். கழுத்திலிருந்து காது வரை அவருக்குச் சிவப்பு ஏறியது. தொப்பியை மாட்டிக்கொண்டு, தேநீரைத் தொடாமல் காரில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“பேச்சே வரல அவருக்கு. அவ்வளவு சந்தோசம்” என்றார் பொன்னுதுரை.

சிவகாமசுந்தரி தேநீரைத் தானே குடித்தாள்.

திங்கட்கிழமை நாற்காலி கலியாணசுந்தரத்துக்குப் போனது. பொன்னுதுரை சாப்பாட்டு நேரத்தில் கார் கொட்டகைக்கே ஓடி, சுப்பையனைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க தப்பா வெட்டுனேன், சொல்லு சுப்பையா. நீதான் பங்களாவுலயே இருக்க.”

சுப்பையன் எழுந்து நின்றான். இதுநாள்வரை இவருக்காக அவன் எழுந்ததே கிடையாது.

“தப்பே இல்லைங்கய்யா. அடுத்து அந்தப் பங்களாவுக்கு நம்ம ஆளு ஒருத்தரு அதிகாரியா வர்றாரு. அவரு வாயில ஒரு பழங்கூடப் போயிறக்கூடாதுன்னுதான் தொரை வெட்டிப் போட்டாரு. அத அவரு மூஞ்சிக்கு நேரா குத்திக்காட்ட, இந்த ஊர்லயே ஒங்க ஒருத்தருக்குத்தான்யா தைரியம் வந்துச்சு.”