சுரைக்காயின் இதயத் துடிப்பு

ஹைதராபாத் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், எந்தக் கருவி காட்டுவதையும் முதல் தடவையிலேயே நம்பாத மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் குஷாய்குடா காலனியின் கேலிபரேஷன் சார்.

பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், அளவு பார்க்கும் கருவிகள் ஒழுங்காகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சீட்டு ஒட்டுவதுதான் அவருக்கு முப்பது வருஷ வேலை. அந்த வேலைக்குப் பெயர் கேலிபரேஷன். கடைசியில் ஆளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. பெற்றோர் வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தில் இருக்கலாம். நான் அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தவன், அவருக்குப் பத்து வயது இளையவன்.

ஓய்வு பெற்றும் வேலையை விடவில்லை. காய்கறி வாங்கப் போனால் பேண்ட் பையில் அரைக் கிலோ எடைக்கல் இருக்கும். முதலில் அது தராசில் ஏறும். தராசு தேறினால்தான் தக்காளி. ஒருமுறை அவர் மனைவிக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. "ஒரே மீட்டரை வச்சு எப்படி முடிவு பண்றது?" என்று தெருவில் நாலு வீட்டில் இரவல் வாங்கி வந்து, ஐந்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, எது யோக்கியமானது என்று கண்டுபிடித்து நிமிர்ந்தார். அதற்குள் அந்த அம்மாள் காய்ச்சல் விட்டு எழுந்து ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் போன வருஷம் என் இதயம் மாட்டியது.

எனக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பிய டாக்டர், தினமும் நாற்பது நிமிஷம் நடக்கச் சொன்னார். நடக்கும்போது துடிப்பு நூற்றிப்பத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார். எனக்கு இரண்டாவது மட்டும்தான் காதில் ஏறியது. கேட் வரை போகவே பயம். குளியலறைக் கதவைத் தாழ் போடவும் பயம். "ஹார்ட் ரேட் மானிட்டர் வாங்கினப்புறம் நடக்கிறேன்" என்று மனைவியிடம் சாக்குச் சொல்லிக்கொண்டு சோபாவிலேயே கிடந்தேன். மிச்ச வாழ்க்கை அந்த சோபாவிலேயே முடிந்துவிடுமோ என்று உள்ளுக்குள் நடுங்கினேன் என்பதுதான் நிஜம்.

செய்தி கேட்டு கேலிபரேஷன் வந்தார்.

"ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டியா?"

"நாளைக்குப் போடலாம்னு இருக்கேன் சார். நாலரை ஸ்டார் குடுத்திருக்காங்க."

"நக்கோ, வேணாம்! ஸ்டார் குடுத்தவன் நாடியை எவன்யா புடிச்சுப் பாத்தான்? கெளம்பு கடைக்கு."

வழியில் ஒரு சுரைக்காய் வாங்கினார். கூட்டுக்காக்கும் என்று நினைத்தேன். கடையில் வாட்ச் மாதிரி இருந்த மானிட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதைச் சுரைக்காயின் கழுத்தில் இறுக்கிக் கட்டினார். அடிப்பக்கம் பச்சை விளக்கு மினுக்கியது. திரையில் எண் வந்தது. எண்பத்திரண்டு.

"கைக்கு சாப், கைக்கு?" ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கடைக்காரர் பதறினார்.

கேலிபரேஷன் என்னிடம் திரும்பினார். "பாத்தியா? உன்னைவிட இதுக்கு ஹெல்த் நல்லாருக்கு. வெளிச்சம் பட்டுத் திரும்புறதை வச்சுக் கணக்குப் போடுது. உள்ள இருக்கறது ரத்தமா காயான்னு அதுக்கு என்ன தெரியும்? அதுக்காக எல்லாமே மோசம்னு சொல்லல. ஓட்டிப் பாத்து எடுக்கணும்."

ஓட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அது நான்தான் என்று அவரே தீர்மானித்துவிட்டார்.

கச்சிபௌலியில் வேலை பார்க்கும் மருமகனின் வாட்ச், எதிர்வீட்டுக்காரரின் துடிப்புக் காட்டும் மோதிரம், யாரோ ஓட்டப்பந்தயக்காரரின் மார்புப் பட்டை என்று இரவல் வாங்கிக் குவித்தார். காலை ஆறு மணிக்குக் காலனி பூங்கா. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, பதினைந்து வினாடி எண்ணி, நாலால் பெருக்கி, மீட்டரோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுவார்.

முதல் நாள் பாதிச் சுற்றில் நின்றுவிட்டேன். "பயமா இருக்கு சார்."

"பயப்படு, யார் வேணாம்னா? நடந்துக்கிட்டே பயப்படு. நின்னா ரீடிங் கெட்டுடும்."

நடந்தேன். வாட்சைத் தளர்வாகக் கட்டியபோது அது துடிப்பை விட்டுவிட்டு என் காலடிகளை எண்ணியது. இறுக்கிக் கட்டினால் பரவாயில்லை, ஆனால் வேகம் மாறும்போது தாமதமாக விழித்துக்கொண்டது. மோதிரம் விரலில் மாட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. மார்புப் பட்டையை ஈரம் செய்து கட்ட வேண்டும். சட்டைக்குள் தண்ணீர் தெளித்துக்கொண்டு நான் குதித்ததைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாக என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். பட்டை மட்டும் அவர் விரலோடு ஒன்றிரண்டு வித்தியாசத்தில் ஒத்துப்போனது. இதற்குள் இரண்டரை மாதம் ஓடிவிட்டது.

"வாங்கிடலாமா சார்?"

"ஏத்தத்துல ஒரு தடவை பாக்கணும். சமதரையில எல்லா மீட்டரும் ஒழுங்காத்தான் இருக்கும்."

காலனிக்குப் பின்னால் பாறைக் குன்றின் மேல் ஒரு சின்னக் கோயில். படிகளில் நிதானமாக ஏறினேன். உச்சியில், மார்புப் பட்டையோடு இணைத்திருந்த செல்போன் நூற்றாறு காட்டியது. பெருமையோடு திரும்பினேன். கேலிபரேஷன் பதினைந்து படி கீழே, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"ரீடிங் சொல்லு" என்றார். குரலே வரவில்லை.

இறங்கிப் போய்ப் பட்டையைக் கழற்றி அவர் மார்பில் கட்டினேன். நூற்று நாற்பத்தெட்டு. உட்கார்ந்த பிறகும் இறங்கவில்லை. அவர் தன் மணிக்கட்டில் தானே விரல் வைத்து எண்ணினார். மீட்டரில் கோளாறு என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"மீட்டர் சரியாத்தான்யா காட்டுது" என்றார் மெதுவாக. "ஆளுதான் ரிஜெக்ட்."

ஊரில் உள்ள கருவிகளையெல்லாம் சோதித்தவர் தன்னை ஒருநாளும் டாக்டரிடம் காட்டியதில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது. பூசாரி தண்ணீரோடு ஓடிவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஆட்டோ பிடிக்கக் கீழே ஓடினேன். படிகளில் ஓடினேன், சாலையில் ஓடினேன். என் துடிப்பு எத்தனை என்று யாருக்கும் தெரியாது. பட்டை அவரிடம் அல்லவா இருந்தது.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி கேட்டார்: "ஓடினியாமே?"

"ஆமா சார்."

"மீட்டர் இல்லாமலா?"

"இல்லாமத்தான்."

"நோட்டுல எழுதிக்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிதாக ஒன்றுமில்லை. கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு. இப்போது மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இரவல் பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே போலப் புதிதாக ஒன்று வாங்கி அவருக்கே கட்டிவிட்டேன். காலை ஆறு மணிக்கு இருவரும் நடக்கிறோம், அவர் வேகத்தில். ஒவ்வொரு சுற்றுக்கும் இப்போது நான்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணுகிறேன். பதினைந்து வினாடி போதும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையை விட மனசு வருவதில்லை.