ஹேவாஹெட்டைக்குப் பின்புறமாகப் போன லொறி

எல்லாம் தெரிந்தவனுக்கு லொறி விற்கக் கூடாது. இதை நான் சொல்லலாம். அந்த எல்லாம் தெரிந்தவன் நான்தான்.

1930களின் தொடக்கத்தில், கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றுவதற்காக, வத்தேகமக் கடைக்காரர் காதர் நானாவிடம் ஒரு பழைய சின்ன லொறி வாங்கினேன். பத்தாம் நாள் ஹேவாஹெட்டைத் தோட்டமொன்றில் பெண் பார்க்கப் பயணம். பெண்ணின் தகப்பனார் அங்கே கணக்கப்பிள்ளை. "எஞ்சின் தெரிஞ்ச மாப்பிள்ளைன்னா சரி" என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். (எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.)

பின்தட்டில் கயிற்றால் கட்டிய கதிரையில் பலகாரத் தட்டோடு அம்மா உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில், வழி காட்ட வந்த நானா. ஏறும்போதே அவரிடம் சொல்லிவிட்டேன்:

"நானா, பொண்ணு வீட்டு ஆளுங்க பார்ப்பாங்க. லொறியைப் பத்தி நீங்க வாய் திறக்கக் கூடாது. எல்லாம் எனக்குத் தெரியும்."

"சரி தம்பி" என்றார்.

பெண் வீடு கண்ணுக்குத் தெரிந்த கடைசி மேட்டில் லொறி நின்றது. இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். பெற்றோல் குழாயை வாயால் ஊதினேன். அது திருப்பி ஊதியது. கலியாணத்துக்கென்று தைத்த வெள்ளைக் கோட்டு கரிச்சட்டியாகிவிட்டது. ஒரு மணி நேரம் போனது. மேலே வாசலில் கூட்டம் சேர்ந்தது. நானா தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் பொறுக்காமல் நானாவிடம் கேட்டார்: "ஏங்க, நீங்க வித்த லொறிதானே? உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா?"

"தெரியும். தம்பி வாய் தொறக்க வாணாண்டு செல்லிட்டார்."

"நான் சொல்றேன், தொறங்க!"

வாயைத் திறந்தார். பெற்றோல் தாங்கி ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. பெற்றோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போக வேண்டும். குறைவாக இருக்கும்போது மேட்டில் ஏறினால் எஞ்சின், தாங்கியைவிட உயர்ந்துவிடும்; பெற்றோல் போகாது. "திருப்பிப் போட்டுப் பின்பக்கமா ஏத்துங்க. இந்த மேட்டுல நான் எப்பவும் அப்புடித்தான்" என்றார். பெற்றோல் ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. (முந்தின நாள் கண்டி வாவியைச் சுற்றி நாலு தடவை ஓட்டிக் காட்டியிருந்தேன்.)

திருப்புவதற்கு இடம் தேடி லொறியைக் கீழே உருட்டினேன். மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. கணக்கப்பிள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறீங்களே! எம் பொண்ணுக்கு என்னங்க கொறை?"

அந்தக் குரலை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. அன்று பதில் சொல்ல நேரமில்லை. லொறி பின்புறமாக அவரை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அவர் தேயிலைக்குள் பாய்ந்தார். முதலில் அம்மா வாசலை அடைந்தார், பலகாரத்தோடு. கடைசியாக நான்.

இடது தோளுக்கு மேலாகவே பார்த்து ஓட்டியதில் கழுத்து அப்படியே பிடித்துக்கொண்டது. பெண் தேநீரோடு வலப்பக்கம் வந்து நின்றாள். நான் இடப்பக்கச் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பெல்லாம் தேயிலைக் கீறலோடு கணக்கப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: "பொண்ணு புடிக்கலீங்களா?"

"இன்னும் பார்க்கலீங்க" என்றேன். அன்று நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

நானா எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல், நான் உட்கார்ந்திருந்த கதிரையை என்னோடு சேர்த்துத் தூக்கித் திருப்பிப் போட்டார். நேர் எதிரே அவள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், தேநீரைச் சிந்திவிட்டாள்.

கலியாணம் நடந்தது. மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஊர்வல லொறியை நானாதான் ஓட்ட வேண்டும்.

இன்றைக்கும் வீட்டில் நான் "எனக்குத் தெரியும்" என்று தொடங்கினால், என் மனைவி எழுந்து வந்து, பிள்ளைகள் பார்த்திருக்க, என் கதிரையைத் திருப்பிப் போடுகிறாள்.