அன்ட்ராக் அண்ணையும் காணாமற்போன நான்கு மாதமும்

ஜெர்மன் அரசாங்கம் அச்சடித்த படிவங்களில் அன்ட்ராக் அண்ணையின் பேனை படாதது ஒன்று இருந்தால், அது இன்னும் அச்சகத்தை விட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம். எங்கள் நொய்கெல்ன் பகுதியில் ஒரு தமிழ்ப் பிள்ளை பிறந்தால் அம்மம்மாவுக்குச் சொல்வதற்கு முன் அவருக்குத்தான் சொல்வார்கள். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவருடைய மனைவியே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வார்.

அவருக்குக் கீழ் மாடியில் பத்து வருடம் குடியிருந்தவள் நான். எனவே எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தபால்பெட்டிக்குள் கடிதம் போடப் போவதென்றாலும் மனிதர் கழுத்துப்பட்டி கட்டுவார். அலுவலகத்தில் ராகுகாலத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கொடுத்துவிட்டால் முக்கால் மணி முந்திப் போய், நல்ல நேரத்திலேயே வலது காலைக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டு, பிறகு வாசலில் போகிற வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக நிற்பார். காவலாளி கேட்டால், "நான் உள்ளுக்கு வந்திட்டன்" என்பார்.

எந்தப் படிவத்திலும் முதலில் பென்சிலால் பிள்ளையார் சுழி போடுவார். எழுதி முடித்ததும் ரப்பரால் அழிப்பார். ஒருமுறை அழிக்க மறந்துபோய், இது என்ன அடையாளம் என்று ஒரு அலுவலர் கடிதம் போட்டுக் கேட்டார். அண்ணை மூன்று பக்கத்தில் பதில் எழுதினார். அந்தப் பதிலின் தலையிலும் ஒரு பிள்ளையார் சுழி இருந்தது.

இத்தனை சேவைக்கும் ஒரு தேத்தண்ணிகூடக் கேட்கமாட்டார். ஆனால் அவர் பிழை விட்டார் என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. "நான் பொய் எழுதுறேல்லை. பிழை விடுறேல்லை. விசாரிச்சுப் பாருங்கோ" என்பார். நாங்களும் விசாரித்ததில்லை, நிர்மலாவின் விஷயம் வரும்வரை.

நிர்மலா யாழ்ப்பாணத்திலிருந்து அடுத்த தெருச் சுதனுக்குப் பெண்ணாக வந்தவள். அங்கேயே எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடிந்திருந்தது. ஜெர்மன் சட்டத்துக்கு அது போதும். எங்கள் சனத்துக்குப் போதுமா? தாலி ஏறாமல் ஒரு வீட்டில் இருக்கலாமோ! கோவிலில் தாலி கட்ட நாள் கிடைத்ததோ நான்கு மாதம் கழித்து. அதுவரைக்கும் பெண் ஒரு மதிப்பான வீட்டில் இருக்கவேண்டும். "எங்கட வீட்டில இருக்கட்டும்" என்றார் அண்ணை. அடுத்த நாளே அவளை அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், தன் வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்று கையெழுத்துப் போட்டு, தன் விலாசத்தில் பதிந்துவிட்டும் வந்தார்.

அந்தப் பெண் அவர் வீட்டில் இருந்தது ஐந்து நாள். ஆறாம் நாள், "சுதனுக்குக் கறி குடுத்திட்டு வாறன் அண்ணை" என்று அடுத்த தெருவுக்குப் போனவள்தான். கறிச்சட்டியும் வரவில்லை, அவளும் வரவில்லை. புதுசாய் முடித்ததுகள், யார்தான் குறை சொல்வார்கள்? அண்ணை சொல்வார். ஆனால் வெளியே சொல்லவில்லை. கோவிலில் யாராவது கேட்டால், "பிள்ளை அறைக்குள்ள தேவாரம் படிக்கிறா" என்பார். நான்கு மாதமும் அந்த வெற்றறைக்குள் தேவாரம் நடந்தது.

தாலி ஏறியது. விலாசம் சுதன் வீட்டுக்கு மாறியது. எல்லாம் சுபம் என்று நினைத்தோம். நிர்மலா வந்து மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆனபோது, "எனக்குச் சரிவரேல்லை" என்று ஒரே ஒரு வசனம் சொல்லிவிட்டு, இரண்டு சூட்கேசையும் சோறு அவிக்கிற மெஷினையும் தூக்கிக்கொண்டு சுதன் கொலோனுக்குப் போய்விட்டான். பெண்டாட்டியை விட்டவன் மெஷினை விடவில்லை, பாருங்கள்.

பிறகுதான் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து நிர்மலாவுக்குக் கடிதம் வந்தது. கணவனோடு மூன்று வருடம் இங்கே சேர்ந்து வாழ்ந்திருந்தால், பிரிந்த பிறகும் மனைவிக்குத் தனக்கென்று விசா உண்டு. அதிலிருந்துதான் நிரந்தர வதிவிடத்துக்குப் போகலாம். நிர்மலா சேர்ந்து வாழ்ந்ததோ, விலாசப் பதிவின்படி, இரண்டு வருடமும் பத்து மாதமும். எனவே நாட்டை விட்டுப் போகவேண்டி வரும்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தாள் அந்தப் பெண். அதே இல்லத்தில் பராமரிப்புத் தொழில் படிக்க இடமும் சொல்லியிருந்தார்கள். திரும்பிப் போனால் ஊரில் வாழாவெட்டி என்ற பட்டம் காத்திருந்தது. கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, நான் என்ன பிழை செய்தனான்?" என்று அழுதாள்.

செய்தி பரவியதும் புத்திமதிகள் வந்து குவிந்தன. "கோட்டில டிவோர்ஸ் முடியேல்லைத்தானே, கணக்கு இன்னும் ஓடுது" என்றது ஒரு குரல். "சுதன்ர பழைய சப்பாத்து ரெண்டை வாசலில வை, ஆரும் வந்து பாத்தா அவன் இருக்கிறான் எண்டு நினைப்பினம்" என்றது இன்னொன்று. அன்ட்ராக் அண்ணை கொதித்தெழுந்தார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ! கோட்டுத் தீர்ப்பைப் பாக்கிறேல்லை. அவன் எண்டைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டானோ அண்டையோட கணக்கு நிண்டு போச்சு. சப்பாத்துப் பொய்யெல்லாம் நான் எழுதமாட்டன்."

"சரி அண்ணை, அப்ப அந்த முதல் நாலு மாசம்?" என்று கேட்டேன் நான்.

அவர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றுமில்லை.

சுதனுக்குத் தொலைபேசி எடுத்தோம். தொடக்கத்திலிருந்தே அவள் உன்னோடுதான் இருந்தாள் என்று ஒரு வரி எழுதித் தரச் சொன்னோம். மறுமுனையில் ஆள் பதறிவிட்டான். "ஐயோ அக்கா, தாலிக்கு முதல் ஒண்டாய் இருந்தது அம்மாவுக்குத் தெரியாது. என்னைக் கொன்றுபோடுவா!"

"டிவோர்ஸ் எடுக்கிறது தெரியுமோ?"

"ஓம், அது தெரியும். அது பரவாயில்லையாம்."

வேறு யார் எழுதுவது? கோவிலில் எல்லோருக்கும் தெரியும், எழுதக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மிச்சம் இருந்தது அண்ணைதான். அவர் எழுதினால் தன் கையெழுத்துப் போட்ட பதிவு பொய் என்று அரசாங்கத்துக்கே சொல்லவேண்டும். நான்கு மாதத் தேவாரமும் பொய் என்று சனத்துக்கு முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டு நாள் அவர் கீழே இறங்கவில்லை. மூன்றாம் நாள் மேல் மாடியிலிருந்து அவருடைய மனைவியின் குரல் என் சமையலறைவரை கேட்டது. "கண்டறியாத மானம்! அந்தப் பிள்ளையை ஏத்தி அனுப்பிப்போட்டு ஆருக்கு முன்னால கழுத்துப்பட்டி கட்டப் போறியள்?"

டெர்மினுக்கு நாங்கள் மூவரும் போனோம். அந்த நேரம் ராகுகாலம். மனிதர் நேரம் பார்க்காமல் நேராக உள்ளே நடந்ததைக் கண்டு எனக்கே பயம் பிடித்தது. அலுவலர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. அண்ணை எழுந்து நின்று, முதல் நான்கு மாதமும் அவள் சுதனோடுதான் இருந்தாள் என்று தான் எழுதிய கடிதத்தை நீட்டினார்.

"அப்படியென்றால், நீங்கள் கையெழுத்திட்ட இந்தப் பதிவு பொய்யா?" என்று கேட்டார் பெண்மணி.

அண்ணை கழுத்துப்பட்டியை இழுத்துச் சரிசெய்தார். "ஓம். பிழை. நான் விட்ட பிழை" என்று முதலில் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு ஜெர்மனில் சொன்னார்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

"அவர்கள் கலியாணம் முடித்திருந்தார்கள். ஆனால் இன்னும் கலியாணம் முடிக்கவில்லை."

பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். "முடித்தவர்கள் எப்படி முடிக்காதவர்கள் ஆவார்கள்?"

"சட்டத்துக்கு முடித்தார்கள். சனத்துக்கு முடிக்கவில்லை."

பெண்மணி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, வாய்ப்பேச்சு போதாது, ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டார். அப்போதுதான் அண்ணை பையிலிருந்து ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்தார். அந்த நான்கு மாதமும் நிர்மலாவுக்கு வந்த கடிதங்கள் பதிவு விலாசப்படி இவர் வீட்டுக்குத்தானே வந்தன? ஒவ்வொன்றையும் சுதன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, திகதி, நேரம், 'சுதன் வீடு, மூன்றாம் மாடி, பிள்ளை கதவைத் திறந்தா' என்று எழுதி அவளிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார் இந்த மனிதர்! ஜெர்மன்காரர்கூடச் செய்யாத வேலை. நான் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தேன். பெண்மணி கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் பிரதி எடுத்தார். திரும்பி வந்து, இப்படி ஒரு பதிவேடு எங்களிடமே இல்லை என்றார்.

ஏழு வாரத்தில் நிர்மலாவுக்குச் சொந்தமாக விசா கிடைத்தது. அண்ணைக்குக் கிடைத்தது கோவிலில் சிரிப்பு. "அண்ணை, உங்கட அறையில இண்டைக்கு ஆர் தேவாரம் படிக்கினம்?" என்று வாலிபப் பெடியள் மட்டுமில்லை, பேரப்பிள்ளை கண்டவர்களும் கேட்டார்கள். படிவத்தோடு வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு எல்லாம் கணினிக்குள் போய்விட்டது என்று ஒரு சாட்டும் கிடைத்தது. படியில் என்னைக் கண்டால், "உங்களுக்கு ஒரு கடிதமும் வரேல்லையோ?" என்று கேட்பார். எனக்குச் சங்கடமாக இருக்கும்.

நிர்மலா படித்து முடித்தாள். அதே முதியோர் இல்லத்தில் இப்போது அவள் பராமரிப்பாளர். எங்கள் எல்லோரையும்விட நல்ல ஜெர்மன். நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்தபோது பத்து நிமிடத்தில் அவளே நிரப்பியிருக்கலாம். அவளோ வெற்றுப் படிவத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு அண்ணையின் கதவைத் தட்டினாள். நானும் போயிருந்தேன்.

மனிதர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது. மூக்கு மேசையில் முட்டுமளவுக்குக் குனிந்து ஒரு மணி நேரம் எழுதினார். பிறந்த திகதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருந்தன. குடும்ப நிலையில் 'விவாகரத்தானவர்' என்ற பெட்டியை விட்டு, பக்கத்துப் பெட்டியில், 'திருமணமானவர்' என்பதில், புள்ளடி விழுந்திருந்தது. நிர்மலாவும் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"ஒருக்கா வாசிச்சுப் பாரும் பிள்ளை. பிழை ஏதும் இருக்கோ?"

"ஒரு பிழையும் இல்லை அண்ணை. எல்லாம் சரியாய் இருக்கு."

நிலக்கீழ் ரயிலில் ஏறி, கதவு மூடி, ரயில் இரண்டு தரிப்பிடம் தாண்டிய பிறகுதான் அவள் பேனையை எடுத்தாள்.