துருக்கிக் காபிக்கு நாலு மடிப்புத் துணி

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறுகள் எதுவும் அவசரத்தில் செய்தவை அல்ல. எல்லாமே முன்கூட்டி யோசித்து, டைரியில் வரிசை எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே செய்தவை.

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ். கல்யாணமாகி நாலு மாதம். அப்போதுதான் துருக்கியிலிருந்து ஒரு வியாபாரி எங்கள் காஸ் துணியை (புண்ணில் வைத்துக் கட்டும் சல்லாத் துணி) பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. கம்பெனிக்கு அதுதான் முதல் வெளிநாட்டு வாய்ப்பு.

“ஏலே நம்பி, இந்த ஆர்டர் மட்டும் கெடச்சிருச்சுன்னா நீதாம்லே எக்ஸ்போர்ட் மேனேஜர்” என்றார் முதலாளி.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் மறுநாள் காலை அவள் அப்பாவிடம் சொன்னாள். மத்தியானத்துக்குள் மாமனார் குடியிருந்த மடவார் வளாகம் பகுதி முழுக்க நான் மேனேஜராகிவிட்டேன். இனி ஆர்டர் கிடைத்தே ஆகவேண்டும்.

கம்பெனியில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மொழிபெயர்ப்பும் உபசரிப்பும் என் தலையில் விழுந்தன. நூலகத்தில் ஒரு கையேடு அகப்பட்டது. துருக்கிக்குப் போகும் பயணிகள் தவறாமல் ருசிபார்க்க வேண்டிய உணவுகளும் பானங்களும் அதில் இருந்தன. துருக்கிக்குப் போகிறவர்களுக்கான புத்தகம் அது. துருக்கியிலிருந்து கிளம்பி இராஜபாளையம் வருகிற ஒருவருக்கு அதே சாப்பாட்டை எதற்குப் போடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. (தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.) மூன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொண்டேன். ஒன்று, அய்ரான் என்கிற உப்பு மோர். இரண்டு, சிமித் என்கிற எள் ஒட்டிய வளைய ரொட்டி. மூன்று, துருக்கிக் காபி. முதலாளி வாங்கி வைத்திருந்த பால்கோவாவைப் பட்டியலில் இல்லை என்று ஒதுக்கிவிட்டேன்.

சமையல்காரர் பரமசிவம் அண்ணாச்சி அய்ரானைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மோருன்னு சொன்னாப் போதாதா சார்? அதுக்கு டைரி எதுக்கு?”

“கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம் எதுவும் சேரக்கூடாது அண்ணாச்சி.”

“வாரவருக்குக் காய்ச்சலா?”

சிமித்தை ஒரு பேக்கரியில் சொல்லிச் செய்து வாங்கினேன். வளையமாகத்தான் இருந்தது. எள்ளும் இருந்தது. பல்தான் உள்ளே போகவில்லை.

சிக்கல் காபியில் வந்தது. காபித்தூளைச் சர்க்கரையோடு தண்ணீரில் கொதிக்கவிட்டு, அப்படியே கோப்பையில் ஊற்றவேண்டும், தூள் அடியில் தங்கிவிடும் என்று புத்தகம் சொன்னது. மூன்று முறை படித்தேன். முதலாளியிடமும் படித்துக் காட்டினேன்.

“மண்டியோடவா குடுக்கச் சொல்லுதான்? தேசம் விட்டு தேசம் வந்தவருக்கு மண்டியக் குடுத்தா நம்ம மானம் என்னலே ஆவது?”

எனக்கும் அதே எண்ணம்தான். அச்சுக்கோத்தவர் ஒரு வரியை விட்டிருப்பார் என்று முடிவு செய்து, டைரியில் ‘வடிகட்டவும்’ என்று நானே சேர்த்து, அடிக்கோடும் இட்டேன்.

எதில் வடிகட்டுவது? அண்ணாச்சியின் வடிகட்டும் துணியில் முந்தின நாள் வடித்த புளியின் வாடை போகவில்லை. சுற்றிலும் பார்த்தேன். சாம்பிள் மேஜை மேல் வெள்ளைவெளேரென்று எங்கள் காஸ் துணி! அறுவை சிகிச்சைக்கே ஆகிற துணி காபிக்கு ஆகாதா? ஸ்கேல் வைத்து அளந்து சதுரமாக வெட்டி, நாலாக மடித்துக் கொடுத்தேன்.

“கெட்டிக்காரன்லே!” என்றார் முதலாளி.

துருக்கிக்காரர் பத்தரைக்கு வந்தார். அடர்த்தியான மீசை, சிரித்த முகம். துணியை உதறிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். மோரை ஒரே மூச்சில் குடித்தார். சிமித்தை எடுத்து மேஜையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மரியாதையாகத் திரும்ப வைத்தார். ஆர்டர் காகிதத்தை முன்னால் இழுத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

அந்த நேரம் பார்த்துக் காபி வந்தது.

பேனாவை வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்தார். இரண்டு வாய் குடித்தார். பிறகு மீசையிலிருந்து எதையோ மெதுவாக உருவினார். ஒரு வெள்ளை நூல். அதைக் கறுப்பு ஃபைல் அட்டையின் மேல் நீட்டி வைத்தார். இன்னொரு வாய். இன்னொரு நூல்.

“இது எங்கிருந்து வந்தது?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“என்னலே சொல்லுதாரு?” என்றார் முதலாளி.

“காபி பிரமாதம்ங்காரு முதலாளி.”

முதலாளி பூரித்துவிட்டார். “நம்ம துணியிலதாம் வடிகட்டுனதுன்னு சொல்லுலே! நீ என்ன சொல்லுதது, நானே காட்டுதேன். பரமசிவம், அந்தத் துணியக் கொண்டா!”

அண்ணாச்சி அதைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். முதலாளி காபிக்கறை சொட்டச் சொட்ட இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். துருக்கிக்காரர் துணியைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“காபிக்குள் உதிர்கிற நூல் காயத்துக்குள் உதிராதா?”

இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் பேனாவை மூடிய சத்தம் முதலாளிக்கே புரிந்தது.

போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் காரை நிறுத்தி நாலு டப்பா பால்கோவா வாங்கினாராம். எங்கள் வட்டாரத்தில் அவர் கொடுத்த ஒரே ஆர்டர் அதுதான்.

துணி மடிக்கும் பிரிவில் இருந்த செல்வமேரி அக்கா சாயங்காலம் சொன்னார்: “துணி மேல தப்பே இல்ல சார். வெட்டுன ஓரத்த உள்ளாற வச்சு மடிக்கணும், அம்புட்டுதான். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?”

முதலாளி அந்த யோசனையை வேறு விதமாக நிறைவேற்றினார். ஆறு மாதம் நான் செல்வமேரி அக்காவிடம் துணி மடித்தேன். “மாப்பிள்ளை இப்பம் தயாரிப்புப் பக்கம் பாக்காரு” என்று மாமனார் மடவார் வளாகத்தில் சொல்லிச் சமாளித்தார். எக்ஸ்போர்ட் மேனேஜராக மதுரையிலிருந்து வேறொருவர் வந்தார்.

பல வருஷங்கள் கழித்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி போடும் நேரத்தில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். “நீங்க உள்ள வராதீங்க!” என்று மனைவி போட்ட சத்தம் கூடம்வரை கேட்டது. ஏன் என்று சம்பந்தி கேட்க, அவள் ஒரு நூல் விடாமல் சொல்லி முடித்தாள். சிரித்த சிரிப்பில் கல்யாணமே நிச்சயமாகிவிட்டது.

இன்றைக்கும் மாப்பிள்ளை எங்கள் வீட்டில் காபியை ஒரு வாய் குடித்ததும், மீசையிலிருந்து எதையோ மெதுவாக உருவி, என் முன்னால் மேஜையில் நீட்டி வைக்கிறார். அவருக்கு மீசையே கிடையாது.