டபுள் விசிலின் டிரிப் ஷீட்

திருமயத்தில் பொழுது விடிவதைச் சேவல் அறிவிக்கிறது என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்கள் தெருவில் சேவலையே எழுப்பிவிடுகிற மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் டபுள் விசில். ரேஷன் கார்டில் வேறு ஏதாவது பெயர் இருக்கலாம். அது அவருடைய மனைவிக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

முப்பது வருடம் எங்கள் ஊருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும் என்பது ஊரறிந்த விஷயம். இவர் ஒற்றை விசில் ஊதி யாரும் கேட்டதில்லை. ஏறுகிறவரின் ஒரு கால் தரையில் இருக்கும்போதே இரண்டாவது விசிலும் வந்துவிடும். பின்னால் வரும் வண்டிக்காரன் கூட்டத்தை அள்ளிவிடுவான் என்று பயம். அப்படி வந்த பெயர் அது.

போன சித்திரையில் வேலையை விட்டு நின்றார். நின்றவர் சும்மா இருக்கலாம் அல்லவா? பேரப்பிள்ளைகளைக் கொஞ்சலாம், கோட்டையைச் சுற்றிக் காற்று வாங்கலாம். மனிதர் ஓட ஆரம்பித்துவிட்டார். ஓடட்டும். அதற்கு என்னை ஏன் எழுப்ப வேண்டும்? நான் முப்பத்தைந்து வருடம் ஃபைல்களோடு மல்லுக்கட்டிவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். காலை ஐந்து மணிக்கு என் வீட்டு கேட்டுக்கு வெளியே இரண்டு விசில். எட்டிப் பார்த்தால், பழைய காக்கி பேன்ட்டை முட்டியோடு வெட்டி மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"சார், எந்திரிச்சிட்டீங்களா? வண்டி எடுக்கப் போறேன்."

"எடுங்க. அதுக்கு நான் எதுக்கு?"

"டைம் கீப்பர் இல்லாம வண்டி எடுக்க முடியுமா சார்? இருபது வருசமா என் பஸ்ல ஆபீசுக்குப் போய், நான் ரெண்டு நிமிசம் பிந்துனா வாட்சத் தட்டிக் காட்டுன ஆளு நீங்கதானே. இந்தத் திருமயத்துலயே அம்புட்டுக் கண்டிப்பான ஆளு வேற யாரு இருக்கா?"

புகழ்கிறாரா, பழிவாங்குகிறாரா என்று புரியவில்லை. உள்ளேயிருந்து என் மனைவி, "கூப்பிடுறாருல்ல, போய்ட்டுத்தான் வாங்களேன். சும்மா படுத்துக் கெடக்குறதுக்கு" என்றாள். சொந்த வீட்டிலேயே எனக்கு எதிராக ஒரு கட்சி. மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குப் பிடித்த சனி ஆறு மாதம் விடவில்லை.

கையில் ஒரு தாளை வேறு கொடுத்தார். டிரிப் ஷீட்டாம். புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், டைம் கீப்பர் கையெழுத்து என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். உலகத்தில் ஓடுகிறவர்கள் எல்லாரும் கிலோமீட்டரில் ஓடுகிறார்கள். இவர் டிக்கெட் விலைக்காக ரூட்டைப் பிரிக்கிற ஸ்டேஜ் கணக்கில் ஓடினார். 'இன்னைக்கு ஒரு ஸ்டேஜ் சார்' என்பார். பஸ்ஸுக்கு வைத்த ஸ்டேஜ் மனிதக் கால்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டால், "ரோடு ஒண்ணுதானே சார்" என்பார்.

ஓடுகிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் இடது தோளில் பை மாட்டி, அதன் கனத்துக்கு ஈடாக வலது பக்கம் சாய்ந்தே நின்ற உடம்பு. பை போனபிறகும் சாய்மானம் போகவில்லை. ரோட்டின் ஓரத்தில் ஆரம்பிப்பார், நூறடி போவதற்குள் நடு ரோட்டுக்கு வந்துவிடுவார். எதிரே வருகிற லாரிக்காரன் இவர் குடித்திருக்கிறார் என்று நினைத்து என்னைத் திட்டுவான். கடைசியில் அந்தப் பழைய தோல் பையையே எடுத்து, அதில் இரண்டு தண்ணீர் பாட்டிலைப் போட்டு இடது தோளில் மாட்டினார். அதன் பிறகுதான் நேராக ஓடினார். ஆனாலும் வேகம் கூடும்போது வலது கை தானாக மேலே போய் இல்லாத கம்பியைத் தேடும்.

முதல் இரண்டு மாதம் 'டவுன் பஸ்' பயிற்சி. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றுதான் போவார். நிற்காமல் போனால்தான் என்ன? கால் கேட்காதாம். நின்றால் அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஜனங்கள் சும்மா விடுவார்களா?

"கண்டக்டரே, பொன்னமராவதி வண்டி போயிருச்சா?"

"இன்னும் இல்ல ஆத்தா. இன்னைக்கு முகூர்த்தம், கொஞ்சம் பிந்தித்தான் வரும். நீங்க அங்கிட்டு நெழல்ல நில்லுங்க."

அவர் நின்று பதில் சொல்லி முடிக்கும்வரை நான் மொபெட்டை ஆஃப் பண்ணிவிட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். டிரிப் ஷீட்டில் எழுதுவேன்: 'ஒரு ஸ்டேஜ், நாற்பது நிமிடம்.' நடந்து போயிருந்தால் முப்பது நிமிடத்தில் போயிருக்கலாம். அதையும் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, "குறிப்பெல்லாம் எழுதக் கூடாது சார், நேரம் மட்டும் போடுங்க" என்று என்னைத் திருத்தினார்.

மூன்றாம் மாதம் 'மொபசல்' என்றார். பெரிய ஸ்டாப்பில் மட்டும் நிற்பது. ஐந்தாம் மாதம் 'பாயின்ட் டு பாயின்ட்'. கிளம்பினால் போய்ச் சேரும்வரை நிற்காமல் ஓடுவது. இதற்குள் ஆள் இளைத்து, தொந்தி கரைந்து, ஒரு தினுசாக நிமிர்ந்திருந்தார். நான்தான் தினமும் டீக்கடையில் அவரோடு உட்கார்ந்து வடை தின்று ஒரு சுற்று பருத்திருந்தேன். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

டீக்கடையில் கேலி வேறு. "கண்டக்டரே, ஒங்க வண்டிய எப்பக் கண்டம் பண்றாங்க?" என்று கேட்பார்கள். பழைய பஸ்ஸை உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுவதற்குக் கண்டம் பண்ணுவது என்று பெயர். அவர் சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவரைத் திட்டும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேனோ தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதுக்கோட்டையில் ஒரு சங்கத்தார் பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டி அறிவித்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கிற எல்லாருக்கும் மெடல். நோட்டீஸை அவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஒரே ஒரு மெடலு சார். அத டீக்கடைல கொண்டுபோய் மாட்டிட்டு, பெறகு பேசிக்கிறேன்" என்றார். அதன் பிறகு தூக்கத்தில்கூட அவருக்கு மெடல்தான் என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாராம்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு லேணா விளக்கு என்கிற கிளைரோட்டு ஸ்டாப்வரை நிற்காமல் ஓடினார். பிரமாதமான நேரம். அங்கே திரும்ப வேண்டியதுதானே? திரும்பவில்லை. விளக்கிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற பாலம்வரை ஓடினார். திரும்பி விளக்குக்கு வந்தார். மறுபடி பாலம். மூன்று தடவை. நான் பொறுமையிழந்து, "இது எந்த ஊரு ரூட்டு? எண்ணெய்ச் செக்கா இது?" என்று கத்திவிட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார்.

"பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும் சார். இந்த விளக்குல வண்டிய எடுத்த பெறகு, அந்த மண்ரோட்டுல இருந்து ஒரு பொண்ணு ஓடி வருது. கையில ஃபைலு. பின்கண்ணாடில நல்லாத் தெரியுது. ஒத்த விசில் குடுத்தா வண்டி நிக்கும். நான் ரெண்டு குடுத்தேன்."

"ஏன்?"

"அன்னைக்கு ரெண்டு நிமிசம் லேட்டு. உள்ள யாரோ வாட்சத் தட்டிக் காட்டுனாங்க. அந்த வேகத்துல ஊதிட்டேன். பொண்ணு இந்தப் பாலம் வரைக்கும் ஓடி வந்துச்சு சார். பெறகு நின்னுருச்சு."

பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"ஏதோ வேலைக்கு இன்டர்வியூவாம், போக முடியல. மறுநாள் அதே வண்டில ஏறுச்சு. சண்டையெல்லாம் போடல. 'அண்ணே, நேத்து நான் ஓடி வந்தத நீங்க பாக்கலயா'ன்னு மட்டும் கேட்டுச்சு. 'பாக்கலம்மா'ன்னுட்டேன். வேலைய விட்டு நின்ன பெறகு ஒருநா இங்கிட்டு வந்து, அந்தப் பொண்ணு ஓடுன தூரத்த ஓடிப் பாத்தேன். பாதில உக்காந்துட்டேன். அது ஃபைலோட, செருப்போட ஓடுச்சு. எனக்கு வெறுங்கையா முடியல. அன்னைலருந்துதான் ஓடுறேன்."

வாட்சைத் தட்டிக் காட்டியது யார் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு நினைவிருந்தது. மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். பத்து மணிக்கு மேல் போனால் மேனேஜர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் சுழித்துவிடுவார் என்று பயந்த ஒரு குமாஸ்தா. அந்தப் பெண் ஓடி வந்ததை நானும் பார்த்தேன். இரண்டு விசில் கேட்டதும் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். டபுள் விசிலுக்கு இது தெரியுமா, தெரிந்துதான் இத்தனை வீடு இருக்க என் கேட்டில் வந்து ஊதினாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

போட்டி நாள் வந்தது. தோல் பையோடு வந்து நின்றவரைப் பார்த்து, கலர் கலராகப் பனியன் போட்ட இளைஞர்கள் சிரித்தார்கள். நான் முறைத்தேன். பந்தயம் தொடங்கியதும் நான் முடிவுக் கோட்டில், அலங்கார வளைவுக்குக் கீழே, டிரிப் ஷீட்டோடு இடம் பிடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். ஒரு மணி இருபது நிமிடம் ஆயிற்று. வளைவைக் கழற்ற நாலு பேர் ஸ்டூலோடு வந்தார்கள். ஒன்றரை மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது திருப்பத்தில் தோல் பை தெரிந்தது. வலது கை மேலே கம்பியைத் தேடிக்கொண்டிருந்தது.

"வாங்க, வாங்க, நேரம் இருக்கு" என்று கத்தினேன். வந்தார். கோட்டுக்கு இரண்டடி இருக்கும்போது ஏனோ திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். தூரத்தில் ஓர் அம்மாள், நாற்பது வயதிருக்கும், சுடிதாரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. வளைவைக் கழற்றுகிறவர்கள் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

டபுள் விசில் கோட்டுக்கு முன்னால் நின்றார். கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு தடவை ஊதினார்.

இருபது வருடத்தில் நான் கேட்காத ஒற்றை விசில். ஸ்டூலில் ஏறியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அதில் ஒருவன் பழக்க தோஷத்தில், "யாரு எறங்கணும்?" என்றான்.

"ஆள் வருது. நிப்பாட்டுங்க" என்றார்.

"கண்டக்டரே, முப்பது செகண்டுதான் இருக்கு, ஒரு எட்டு எடுத்து வைங்க" என்று கத்திக்கொண்டே நான் வாட்சைத் தட்டிக் காட்டினேன். காட்டிய பிறகுதான் என் விரலைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு தட்டிய அதே விரல். வெட்கமாக இருந்தது. கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஒன்றரை மணி கடந்தது. மேலும் மூன்று நிமிடம் கடந்தது. அந்த அம்மாள் வந்து கோட்டைத் தாண்டிய பிறகு, இரண்டு விசில் ஊதிவிட்டு இவர் தாண்டினார்.

மெடல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் விடுவேனா? மேஜையைத் தட்டிச் சண்டை போட்டேன். ஆறு மாத டிரிப் ஷீட்டையும் எடுத்துக் காட்டினேன். ஒருவரும் அசையவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. மெடலைப் பறிகொடுத்தவரோ பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அந்த அம்மாளுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்காகவாண்ணே நின்னீங்க?" என்று அந்த அம்மாள் மூச்சிரைக்கக் கேட்டார்.

"ஆமாம்மா," என்றார் டபுள் விசில். "நீங்க ஓடி வாரதப் பாத்தேன்."

அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை.

மறுநாளும் அவர் ஓடுவார் என்று தெரியும். நாலே முக்காலுக்கே எழுந்து கேட்டுக்கு வெளியே மொபெட்டோடு நின்றேன். மனிதர் அன்றைக்குப் பார்த்து நிதானமாக வந்தார். வந்ததும் இரண்டு விசில் ஊதிவிட்டு டிரிப் ஷீட்டை நீட்டினார்.

"லேட்டாயிருச்சு சார். மணி என்ன?"

முந்தின நாள் கழற்றிப் போட்ட என் வாட்ச் உள்ளே மேஜை டிராயரில் கிடந்தது. புறப்பட்ட நேரம் சரியாக ஐந்து மணி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.