எல்கடுவயில் அம்மன் சிவந்தாள்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் அந்த வாரம் கொழுந்தைவிட வேகமாக வளர்ந்தது ஒரு செய்திதான். சீலையில் எழுதிய அம்மனுக்குக் கோபம் வருகிறதாம். கோபம் வந்தால் முகம் சிவக்கிறதாம். போதாதா? இலங்கைப் பிரஜா உரிமைப் பத்திரத்துக்கு வரிசையில் நிற்கக் கால் வலிக்கிறது என்று புலம்பியவர்கள்கூட, இந்த வரிசைக்கு விடியுமுன்பே வந்து இடம் பிடித்தார்கள்.

சீலை அசல்தான். அதில் பொய் இல்லை. கடுக்காய் கலந்த பாலில் நனைத்த துணியில் மூங்கில் குச்சியால் கோடிழுத்து, வேர்ச் சாயம் ஏற்றி, யாரோ ஒரு நல்ல ஓவியர் மாரியம்மனைச் சிங்காசனத்தில் அமர்த்தியிருந்தார். அதைச் சொன்னால் பிழைப்பு நடக்குமா? "மனுஷக் கை படாத சீலை. வேப்பமரத்துல தானா தொங்கிச்சு" என்றார், அதைத் தோட்டத்துக் கோயிலில் கொண்டுவந்து மாட்டிய சீலைச் சாமியார். தானாகத் தொங்கிய சீலைக்கு ஓரம் அடித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாத்தளையிலிருந்து புடவை மூட்டையோடு வந்த வியாபாரி அப்துல் ஸமத் மட்டும் சீலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இந்தியாவுல செய்ற வேலை இது. ஆத்துல எத்தனையோ தரம் அலசித்தான் முடிப்பாங்க. சாயம் அசையாதே! மூஞ்சி மட்டும் எப்பிடி மாறுது?"

"துணி விக்கிறவருக்குத் தெய்வத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றார் சாமியார். கூட்டம் தலையாட்டியது. புடவை வாங்கும் கூட்டத்தோடு வியாபாரி சண்டை போடுவாரா? ஸமத் மூட்டையைப் பிரித்து ஓரமாகக் கடை விரித்தார்.

நடைமுறை இதுதான். சாமியார் காலையில் அம்மன் முகத்துக்கு மஞ்சள் காப்புப் பூசுவார். பக்தர் முன்னால் வந்து பெயர் சொன்னதும் செம்பிலிருந்து தீர்த்தம் தெளிப்பார். முகம் மஞ்சளாகவே இருந்தால் குடும்பம் சுத்தம். சிவந்தால் தோஷம். தோஷத்துக்குப் பரிகாரம் தங்கம். தங்கம் தட்டில் விழுந்ததும் எலுமிச்சம்பழம் பிழிவார், அம்மன் சாந்தமாகி மீண்டும் மஞ்சளாவாள். செம்புகள் இரண்டு. வெறுங்காதும் வெறுமூக்குமாக வந்தவர்களுக்கு வலது செம்பு, தோடோ மூக்குத்தியோ போட்டவர்களுக்கு இடது செம்பு. ஏழைகளிடம் அம்மன் ஒருநாளும் கோபித்ததில்லை. அப்படிப்பட்ட சமதர்மக்காரி!

பிள்ளைக்காம்பராவில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சந்திரகாந்தாவுக்கும், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தர்மராஜாவுக்கும் அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம். தன் மூக்குத்தியை முன்பே பரிகாரமாகப் போட்டுவிட்ட தர்மராஜாவின் அம்மா காத்தாயி, "அம்மன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்" என்று இருவரையும் இழுத்து வந்தாள். சந்திரகாந்தாவின் காதில் அவளுடைய செத்துப்போன அம்மாவின் தோடு மின்னியது. சாமியாரின் கை இடது செம்புக்குப் போனது.

அம்மன் சிவந்தாள்.

"இவ வாசப்படிய மிதிச்சா வீடு வெளங்காது. தோட்டக் கழட்டித் தட்டுல போடு. இல்லாட்டிக் கல்யாணத்த நிறுத்து!"

காத்தாயி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "போட்டுரு ஆத்தா! இல்லாட்டி எம் மவனுக்கு வேற எடம் பாக்க வேண்டியதுதான்."

தர்மராஜா கூரைத் தகரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். மாப்பிள்ளையின் வீரம் அவ்வளவுதான்.

சந்திரகாந்தாவுக்கு அழுகை வந்தது. ஆத்திரம் அதை முந்திக்கொண்டது. அம்மா என்று சொல்லிக்கொள்ள அவளிடம் மிஞ்சியது அந்தத் தோடு மட்டும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சீலையை உற்றுப் பார்த்தாள்.

"சாமி, கோவம் வந்தா மூஞ்சி முழுக்கச் செவக்கணும். தண்ணி பட்ட எடம் மட்டும் ஏன் புள்ளி புள்ளியாச் செவந்திருக்கு?"

"தெய்வத்தக் கேள்வி கேக்காதே!"

"தெய்வத்தக் கேக்கல, ஒங்களத்தான் கேக்குறேன். மாமி பேருக்கும் தெளிங்க பாப்போம்."

சாமியாரின் கை பழக்கதோஷத்தில் வலது செம்பைத் தேடியது. அதற்குள் சந்திரகாந்தா இடது செம்பை எடுத்துவிட்டாள். "மாமி பேருக்கு" என்று தெளித்தாள். சிவந்தது. "நம்ம கணக்கப்பிள்ளை பேருக்கு." சிவந்தது. வரிசையில் நின்ற கணக்கப்பிள்ளைக்கு வியர்த்தது. "சாமியார் பேருக்கு." இன்னும் நன்றாகச் சிவந்தது.

"ஒன் கை பட்டுத்தான் அம்மனுக்குக் கோவம்!" என்று சாமியார் செம்பைப் பிடுங்கினார். அவள் விடவில்லை. இழுபறியில் செம்பு கவிழ்ந்து, அவர் மஞ்சளில் முக்கிக் கட்டியிருந்த வேட்டியில் கொட்டியது. இடுப்பு முதல் முழங்கால் வரை வேட்டி செக்கச்செவேல் என்று ஆனது.

"வேட்டிக்கும் கோவம் வந்திருச்சே, சாமி!" என்றார் ஸமத்.

காத்தாயி செம்புக்குள் விரலை விட்டுத் துழாவினாள். அடியில் வெள்ளைக் கசடு. மோந்து பார்த்தாள்.

"அடப் பாவி, சுண்ணாம்பு! இது ஆலாத்தித் தண்ணிடா!"

தோட்டத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் ஆலாத்தி கரைக்கக் காத்தாயியைத்தான் கூப்பிடுவார்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது அவள் கைக்கு மனப்பாடம். அங்கே நின்ற பெண்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் வீட்டுத் தட்டில் சிவந்தால் ஆலாத்தி, கோயில் சீலையில் சிவந்தால் அற்புதம்!

சாமியார் ஓடப் பார்த்தார். ஈர வேட்டி காலைத் தடுக்கி, தேயிலைச் செடிக்குள் குப்புற விழுந்தார். பெண்கள் அவர் மூட்டையைப் பிரித்து, அவரவர் மூக்குத்தியை அவரவர் மூக்கில் மாட்டிக்கொண்டார்கள். பிறகு சீலையை ஓடையில் அலசினார்கள். மஞ்சள் காப்புக் கரைந்து போனது. அடியில் ஓவியர் எழுதிய முகம் அப்படியே இருந்தது. பாவம், அம்மன் ஆரம்பத்திலிருந்தே சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஆத்தா, வெள்ளிக்கிழம கல்யாணம்..." என்று காத்தாயி இழுத்தாள்.

"ஒங்க மவன் வாயத் தொறந்து கேக்கட்டும் மாமி."

"கேக்குறேன்" என்றான் தர்மராஜா. அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அது. சந்திரகாந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இத்தோடு எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? திரும்பும் வழியில் கணக்கப்பிள்ளை அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இது பொய்தான், ஒத்துக்கிறேன். பல்லேபொலையில ஒரு பலாமரத்துல பால் வடியுதாமே. அது நெசமாத்தான் இருக்கும், என்ன?"

"பலாமரத்துல பால் வடியாம பாயாசமா ஐயா வடியும்? போய்ப் பாத்துட்டு வாங்க. ஆனா மூளைய வீட்டுல பூட்டி வெச்சிட்டுப் போகாதீங்க. அதையும் கூட்டிட்டுப் போனா பஸ்ஸுல தனி டிக்கட் கேக்க மாட்டாங்க."