சீசரைத் திருப்பித் தர முடியாது

மேற்குத் தாம்பரம்,
12-3-1968

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் அசரியா அவர்களுக்கு,

உம் தங்கை ஞானஜோதியின் புருஷன் தேவானந்தம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ஆண்டவர் கிருபையால் நானும் அவளும் சுகம். சீசரும் சுகம். கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து இன்னொரு தடவை படிக்கவும்.

உமது கார்டு கிடைத்தது. ஒரு நாய்க்குட்டியின் வயிற்றைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவன் கையில் உம் வீட்டுக் குட்டியைக் கொடுத்தது தப்பு என்றும், சனிக்கிழமை கூடுவாஞ்சேரியிலிருந்து கூடையோடு வந்து தூக்கிக்கொண்டு போவதாகவும் எழுதியிருக்கிறீர். தபால்காரர் அதைப் படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். போகட்டும். நான் ரயில்வே பார்சல் ஆபீசில் ரிட்டயர் ஆனவன் என்பது உமக்குத் தெரியும். கோழி, ஆடு, ஒரு சமயம் ஒரு குரங்கு, எல்லாம் என் கையெழுத்தோடு உயிருடன் ஊர் போய்ச் சேர்ந்திருக்கின்றன. துப்பைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம் மச்சான்.

நடந்ததைச் சொல்கிறேன். நீர் சீசரைக் கொண்டுவந்து விட்ட மறுநாள் சாம்பல் புதன், லெந்து விரதம் தொடங்கியது. லெந்து காலம் முடியும்வரை என் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் நுழையாது என்பது உமக்குத் தெரிந்த விஷயம். வீடு என்றால் வீட்டில் உள்ள எல்லோரும்தான், அதில் நாலு காலுக்குத் தனிச் சட்டம் கிடையாது. ஆகவே சீசருக்கு எருமைப் பால் கொடுத்தேன், தண்ணீர் கலக்காத முதல் தரப் பால், எனக்குக்கூட அதில் காபி கிடையாது. குட்டி ஆசையாகக் குடித்தது, சாயங்காலமே வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது. ஞானஜோதி, பிள்ளைகளுக்குக் கொடுத்த பழக்கத்தில், வசம்பும் ஜாதிக்காயும் கல்லில் உரைத்து நாக்கில் தடவினாள். நான் ஆரோரூட் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். அவள் தடவியது எனக்குத் தெரியாது, நான் ஊட்டியது அவளுக்குத் தெரியாது. குட்டிக்குச் சுத்தமாக அடைத்துக்கொண்டது. அதற்கு நான் விளக்கெண்ணெய் விட்டேன், அதையும் அவள் தனியாக விட்டிருக்கிறாள். அப்புறம் என்ன ஆயிருக்கும் என்று நாய் வளர்க்கும் உமக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சமயம் பார்த்தா எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வர வேண்டும்! போதகர் ஐயா வாசலில் புது ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நீண்ட ஜெபம் ஆரம்பித்தார். பாதியில் ஒரு வாடை வந்தது. ஜெபத்தில் கண் திறப்பது நம் சபையில் வழக்கமில்லையே, ஒருத்தரும் திறக்கவில்லை, மூக்கை மட்டும் முந்தானையிலும் கைக்குட்டையிலும் புதைத்துக்கொண்டார்கள். ஐயா உலக சமாதானத்தையும் மழையையும் விட்டுவிட்டு நேரே ஆமென்னுக்கு வந்துவிட்டார். ஒரு ஷூ அவருக்கு இனி உபயோகப்படாது. இதைத்தான் யாரோ உம்மிடம் வத்தி வைத்திருக்கிறார்கள். நான் கேட்கிறேன், அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது செய்தது சீசர்தான் என்பதற்கு யார் சாட்சி?

அதன் பிறகு குட்டி எழுந்திருக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை தூக்காமல் வாலை மட்டும் ஒரு தரம் ஆட்டியது. எனக்குத் தாங்கவில்லை மச்சான். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் நான் வந்தால் எழுந்து ஓடி வருகிற ஜீவன் அது ஒன்றுதான். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஸ்ரீநிவாசராகவனிடம் ஓடினேன். நெற்றியில் பளிச்சென்று நாமம், வெங்காயம்கூடத் தொடாத மனுஷர். பாலை அடியோடு நிறுத்தச் சொன்னார், கொதித்து ஆறின தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு குழைந்த சோறும் கொழுப்பில்லாத கறி வேகவைத்த சாறும் என்றார். லெந்து காலத்தில் ஒரு கிறிஸ்தவனைப் பார்த்துக் கறி வேகவை என்று சொல்ல உமக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்:

"உங்க விரதம் உங்களோட இருக்கட்டும் சார். குட்டிக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகலையே?"

நான் அசையவில்லை. பாலை நிறுத்தினேன், அது நானே நிறுத்துவதாக இருந்ததுதான். கறியை மறுத்தேன். வெறும் நொய்க்கஞ்சியும் என் ஜெபமும்தான். இன்றைக்குச் சீசர் என் வேட்டியைக் கிழிக்கிறது, கெட்டியாகப் போகிறது, பக்கத்து வீட்டு ஜஹீராவின் கோழிகளைத் துரத்துகிறது. ஆகவே கூடையை வீட்டிலேயே வைத்துவிடும். சனிக்கிழமை வந்தால் கேட் திறக்காது. ஈஸ்டர் காலை வரை என் வீட்டு நாய் கறியின் வாசனைகூட அறியாது, நீர் அல்ல, பேராயரே வந்து சொன்னாலும் சரி.

உம் மனைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காப்பாராக. சனிக்கிழமை வரத்தைத் தவிர.

இப்படிக்கு,
தே. தேவானந்தம்

பி.கு.: தபாலில் போடக் கிளம்பினபோது சீசரைக் காணோம். தேடிக்கொண்டு போனால் ஜஹீரா வீட்டுக் கொல்லையில் உம் தங்கை உட்கார்ந்து அதற்குக் கறிச்சாறு சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள். டாக்டரிடம் போய் வந்த நாளிலிருந்தே நடக்கிறதாம். நான் வாயைத் திறக்குமுன் ஜஹீரா முந்திக்கொண்டாள். "கறியும் எங்க வூட்டுது, அடுப்பும் எங்க வூட்டுது. இந்த வாலு மட்டுந்தான் உங்க வூட்டுது அண்ணா." அந்த வால் அப்போது என்னைப் பார்த்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சனிக்கிழமை அவசியம் வரவும். கூடையும் கொண்டு வரலாம், அதில் கொழுப்பில்லாத கறி கால் கிலோ இருக்கட்டும். ஜஹீரா வீட்டில் கொடுத்துவிட்டு வாரும். அப்போது நான் ஜெபத்தில் இருப்பேன், கண் திறக்க மாட்டேன்.